ஓனரம்மா

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ஊரைவிட்டு ராஜபாளையத்துக்குக் குடிவந்து, அவளைப் பார்த்தே நாளாகிவிட்ட பிறகும் அது மாறவில்லை.

காலையில் எங்கள் ஊர் ஸ்டாப்புக்கு முதலில் தனியார் பஸ் வரும். கழுவித் துடைத்து, முன்கண்ணாடியில் மாலை தொங்க, உள்ளே பாட்டு ஓட, மாப்பிள்ளைக் களையில் வந்து நிற்கும். நாங்கள் எல்லோரும் ஏறுவோம். அக்கா ஏற மாட்டாள். சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அப்படி ஒரு பஸ் வந்ததே கண்ணுக்குத் தெரியாதவள் மாதிரி ரோட்டின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஏறுங்கக்கா, இடம் கெடக்கு" என்பான் தனியார் பஸ் கண்டக்டர்.

"நீ போ தம்பி. எங்க வண்டி பின்னால வருது."

எங்க வண்டி என்று அவள் சொன்னது அரசு டவுன் பஸ்ஸை. அது வரும், வராமலும் போகும். முதல் பஸ்ஸைத் தவறவிட்ட நாளில் எங்களுக்கும் அதுதான். வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜன்னல் ஷட்டர்கள் தடதடவென்று அடித்துக்கொள்ள வரும். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்.

நான் சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். அக்கா அங்கேயே ஒரு விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றினாள். தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை அது. எங்கள் ஊர் திருவேங்கடம் ரோட்டிலிருந்து விலகி, கரிசல் காட்டுக்குள்ளே இருக்கிறது. பஸ் ஊருக்குள் வந்தால் உண்டு. வராவிட்டால் மெயின் ரோட்டில் ஊர்ப்பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, இரண்டு பக்கமும் பருத்தியும் சோளமுமாக நிற்கிற, ஒரு வீடுகூட இல்லாத பாதையில் நடக்க வேண்டும். என்னை வேலைக்கு அனுப்பும்போது என் வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குள் வந்து இறங்க வேண்டும். பஸ் இருக்கிறவரை வேலை. எங்கள் தெருவில் வேலைக்குப் போன பெண்களுக்கும், டவுனில் மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே சட்டம்தான்.

ஆகவே பஸ் எங்களுக்கு வெறும் பஸ் இல்லை. அக்காவுக்கோ அது சொந்தச் சொத்து.

ஏறியதும் உட்கார மாட்டாள். முந்தானையால் சீட்டைத் துடைப்பாள், தனக்கு மட்டுமில்லை, பக்கத்துச் சீட்டையும் சேர்த்து. மாட்டிக்கொண்ட ஷட்டரைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவாள். எதிர்ச்சீட்டில் எவனாவது காலை நீட்டினால் முட்டியில் ஒரு தட்டு. "காலை எடும் வே. இது யாரு வண்டின்னு நெனச்சீரு?" என்பாள். அவன் என்னவோ அவள் வீட்டுக் கட்டிலில் ஏறிவிட்டவன் போல விழிப்பான். ஒருமுறை ஒரு ஆள், "ஓசியில போற ஒனக்கே இவ்வளவு வாயா?" என்று கேட்டுவிட்டான். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று ஆகியிருந்த புதிது. அக்கா அசரவில்லை. "ஒம்ம வீட்டு வண்டியில நீரு டிக்கெட் எடுத்தா ஏறுவீரு?" என்றாள். பஸ் மொத்தமும் சிரித்தது. அன்றைக்குத்தான் கண்டக்டர் அவளுக்கு ஓனரம்மா என்று பேர் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. "ஓனரம்மா ஏறியாச்சு, போலாம் ரைட்" என்று விசில் ஊதுவார்.

ஆயுத பூஜைக்குத் தனியார் பஸ்ஸில் வாழைக்கன்று கட்டி, சீரியல் லைட் போட்டு, ஊரையே கூட்டிப் பொரிகடலை கொடுத்தார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் சந்தனம், குங்குமம், ஒரு பெரிய பூசணிக்காயோடு ஸ்டாப்பில் நின்றாள். அரசு பஸ் வந்ததும் கையைக் காட்டி மறித்து, பம்பரில் பொட்டு வைத்து, பூசணிக்காயைச் சுற்றி நடுரோட்டில் உடைத்தாள். "ஏ ஓனரம்மா, டைம் ஆயிட்டு" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு நானும் அந்த பஸ்தான், கடைக்கு லேட். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் என்ன சொல்ல முடியும், பஸ்ஸுக்குத் திருஷ்டி கழித்தோம் என்றா?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். தனியார் பஸ்ஸில் எங்களுக்கு மரியாதை இருந்தது. ஈரத்தலையோடு ஓடிவந்தால் எனக்காக நிறுத்தி வைப்பார்கள். என் மாமியாருக்கு டவுனிலிருந்து மாத்திரை வாங்கிவந்து வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் அந்தக் கண்டக்டர். அரசு பஸ்ஸில், ஸ்டாப்பில் சேலையும் தாவணியுமாக நிற்பதைப் பார்த்தாலே சில டிரைவர்களுக்குக் கால் பிரேக்குக்குப் போகாது. தள்ளிப்போய் நிறுத்துவார்கள். நாங்கள் தூக்கும் பையுமாக ஓட வேண்டும். "ஓசிதானே, ஓடி வாங்க, ஒடம்புக்கு நல்லது" என்று ஒருத்தர் படியில் நின்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவிடம்தான் கத்தினேன்.

"இவங்களுக்காவயா நாம காத்துக் கெடக்கணும்? அங்கன காசைக் குடுத்தா மகராசி மாதிரி கூட்டிட்டுப் போறான்."

"நம்ம பிள்ளை குடிச்சிட்டு வந்து நிக்கான்னு வையி. பக்கத்து வீட்டுப் பையன் ஒழுக்கமா இருக்கான்னு அவனை மகன்னு சொல்லிருவியாட்டி? நம்ம பிள்ளையத்தானே நாலு சாத்து சாத்தணும்?"

சாத்தவும் செய்தாள். ஆடித்தபசு சமயத்தில் எங்கள் பஸ்ஸைத் திருவிழா ஸ்பெஷலுக்கு எடுத்துவிட்டார்கள். தனியார் பஸ்ஸும்தான் போயிருந்தது. அவனை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்கு முன்னால் நின்றுகொண்டு, "வந்த விருந்தாளுக்கெல்லாம் வண்டி விடுதீரு, வீட்டுக்காரி இங்கன நிக்கேனே, கண்ணு தெரியலையா வே?" என்று அவள் போட்ட சத்தத்தில் பாதித் திருவிழா திரும்பிப் பார்த்தது.

அவளுக்கு ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். ஊரடங்கு முடிந்து எல்லாம் திறந்த சமயத்தில் நடந்ததைச் சொன்னாள். தறிக்கூடமும் திறந்துவிட்டது. தனியார் பஸ் மட்டும் மாசக்கணக்கில் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. கூட்டம் இல்லை, டீசலுக்குக் கட்டாது என்றார்களாம். அரசு பஸ் வந்தது. ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் அவள் ஒருத்திதான்.

"விலக்குலயே எறங்கிக்கிடுதியாம்மான்னு டிரைவரு கேட்டாரு. மாட்டேன், ஊருக்குள்ள விடுங்கன்னேன். முணுமுணுன்னு வஞ்சிக்கிட்டேதாம் திருப்புனாரு. ஆனா திருப்புனாருல்லா? திருப்பலைன்னா நாளைக்கு ஆபீசுல போயி நின்னு ஏன்னு கேப்பேன். தனியார்க்காரன்ட்ட என்னன்னு கேக்க? அவன் வண்டி, அவன் இஷ்டம்."

சரிதானே என்று எனக்கும் தோன்றியது. அதுதான் அவளிடம் இருந்த தொந்தரவு. அவள் சொல்வது சரியாக இருக்கும், அதன்படி நடந்தால் கடைக்கு லேட் ஆகும்.

ஒரு பங்குனி மாதம் அரசு பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். "சாயங்கால ட்ரிப்பைத் தூக்கப் போறதா பேசிக்கிடுதாங்க ஓனரம்மா. தனியார்க்காரன் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால எடுத்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருதான். நாங்க காத்து வாங்கிட்டு வாரோம்."

அக்கா அன்று சாப்பிட்டாளா தெரியாது. அந்த வாரம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். கடன், வட்டி எல்லாம் அப்புறம் என்றாள். இனிமேல் ஒருத்தியும் தனியார் பஸ்ஸில் ஏறக் கூடாது.

"நல்லா ஓடுத வண்டியை ஏன் விடணும்?" என்று நான் கேட்டேன்.

"மழை தண்ணியில, ஆளு இல்லாத நாள்ல அவன் வருவானா? அவன் இருக்கும்போதே நம்ம ட்ரிப்பைத் தூக்கிட்டாங்கன்னா, அப்புறம் அவன் வச்சதுதான் சட்டம். யோசிச்சுப் பாருட்டி."

யாரும் யோசிக்கவில்லை. அவள் பேசினால் யோசிக்க நேரம் கிடைக்காது. காளியம்மன் கோவில் வாசலுக்கு எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோய்ச் சூடம் ஏற்றினாள். சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தால் எங்கள் ஊரில் அதை மீற மாட்டார்கள். வரிசையாக அடித்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அடித்தார்கள். நானும் அடித்தேன்.

தனியார் பஸ் காலியாக வந்து காலியாகப் போனது. முதல் வாரம் கண்டக்டர் சிரித்தான். அடுத்த வாரம் என் முன்னால் இறங்கி நின்று, "நான் என்னக்கா தப்பு செஞ்சேன்? சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்" என்றான். அக்காதான், "ஒம் மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. வண்டி மேலதான்" என்றாள். என்ன பேச்சு இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நாளில் அந்த பஸ் எங்கள் விலக்கில் திரும்பாமல் மெயின் ரோட்டோடு நேராகப் போக ஆரம்பித்தது. அக்கா தெருவுக்கே பூந்தி வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அரசு பஸ்ஸில் சாயங்காலம் நிற்க இடம் இருக்காது. எல்லாம் பெண்கள். ஆம்பிளைகள் எப்போதோ பைக்குக்கு மாறிவிட்டார்கள். கண்டக்டர் அந்த நெரிசலில் முன்னும் பின்னும் நீந்தி, கட்டணமில்லாத டிக்கெட்டை ஒவ்வொருத்திக்கும் மிஷினில் அடித்துக் கிழித்துக் கொடுப்பார். பாதியில் பேப்பர் ரோல் தீரும், இல்லாவிட்டால் மிஷினில் சார்ஜ் தீரும். வாங்கிய கையோடு நாங்கள் அதைக் கீழே போடுவோம். வண்டி பூராவும் வெள்ளைத் துண்டாகக் கிடக்கும். அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு ஆகவில்லை.

ஒருநாள் கண்டக்டர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தம்பி, எங்களுக்கு எதுக்கு டிக்கெட்டு? பேப்பரு யாரு பேப்பரு? நம்ம பேப்பரு. இப்படி வீணடிச்சா வண்டி எப்படித் தேறும்? காசு குடுக்க ஆளுக்கு மட்டும் கிழிச்சாப் போதும்."

"எல்லாத்துக்கும் அடிக்கணும்னுல்லா ரூலு, ஓனரம்மா."

"செக்கரு எந்தக் காலத்துல இந்தக் காட்டுக்குள்ள வந்தாரு? நீரும் பாவம், வேர்த்து ஒழுகுதீரு. போயி உக்காரும்."

அவரும் மனுஷன்தானே. உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாளும் உட்கார்ந்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. எப்போதாவது ஒருத்தி டிக்கெட் கேட்டால், "அதை வாங்கிக் கொண்டுபோயி தாலியா செய்யப் போற?" என்று நாங்களே அடக்கிவிடுவோம். அரசாங்கத்துக்குப் பெரிய மிச்சம் பண்ணிக்கொடுக்கிற நினைப்பு எங்களுக்கு. வண்டி சுத்தமாக இருந்தது. அக்கா இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்குவாள்.

அப்படியே சில மாதம் ஓடியது. ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், எங்கள் பஸ் பனவடலிசத்திரம் என்று போர்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது. டைம் கீப்பர் நிமிர்ந்து பார்க்காமல், "ஒங்க சாயங்கால ட்ரிப்பு கேன்சல்மா. காலையில மட்டும் வரும்" என்றார். அன்றைக்கு விலக்கில் இறங்கி, பிள்ளைகளை நடுவில் விட்டு, கூட்டமாக நடந்து போனோம். மறுநாள் கூட்டமாகவே டிப்போவுக்குப் போனோம். அக்கா எல்லோருக்கும் முன்னால் போனாள். சண்டைக்கு என்றே நல்ல சேலை கட்டியிருந்தாள்.

அதிகாரி தன்மையான மனுஷர். பெஞ்சில் உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை.

"இந்தா நிக்காளுவ பாருங்க சார். இவ்வளவு பேரும் ஒங்க வண்டியிலதான் வாரோம். நிக்க எடம் கெடையாது. அதைப் போயி நிறுத்துனா எப்படி?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"எனக்குப் புரியலம்மா. தனியார் பஸ் நின்ன பெறவுதான் ஒங்க ட்ரிப்புல ஆளே இல்லன்னு வருது. பொம்பளையாளுங்களுக்கு காசு வாங்கலைன்னாலும் டிக்கெட் அடிச்சாத்தான் ஏறுனதாக் கணக்கு. அதை வச்சுத்தான் அரசாங்கம் எங்களுக்குப் பணம் தருது. இதுப்படி பாத்தா வண்டி காலியாப் போயிக் காலியால்லா வருது."

நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

"டிக்கெட் குடுக்கலையா? கண்டக்டர் யாரு?" என்று அவர் பேனாவை எடுத்தார்.

"அவரு குடுத்தாரு சார்" என்றாள் அக்கா. "நாந்தான் வேண்டாம்னு சொன்னேன். பேப்பரு வீணாப் போகுதேன்னு சொன்னேன். இவளுவளையும் வாங்க விடாமச் செஞ்சது நாந்தான். அவரை ஒண்ணும் செஞ்சிராதீங்க."

"வேண்டாம்னு சொல்ல நீங்க யாரும்மா?"

அவர் அதட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எந்தக் கேள்விக்கும் கையில் பதில் வைத்திருக்கிற அக்கா அப்போதுதான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மேலே எழுதிப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார், அதுவரை நல்லது.

வெளியே வந்ததும் நான் வெடித்துவிட்டேன். "சூடம் அடிச்சிச் சத்தியம் வாங்குனீங்களே. இப்ப தனியாரும் போச்சு, கவர்மெண்டும் போச்சு. எம் பொழப்பும் போகப் போகுது. எல்லாம் ஒங்களாலதான்."

"ஆமாட்டி" என்றாள்.

அவ்வளவுதான். சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மெயின் ரோட்டோடு போகிற அந்தத் தனியார் பஸ்ஸை மறுபடி ஊருக்குள் வரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். ஓனர் அண்ணாச்சி ரொம்ப மரியாதையாகப் பேசினார். "நீங்கதானம்மா வேண்டாம்னீங்க" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவருக்கு லாபம் வேண்டும், டிப்போவுக்கு டிக்கெட் வேண்டும். எங்களுக்கு வேண்டியது வீட்டுக்குப் போக ஒரு வண்டி. இதில் எங்கள் தேவையை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள யாருமே இல்லை. அதை நினைக்க நினைக்க இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஐப்பசி மழை பிடித்ததும் விலக்குப் பாதை சேறாகிவிட்டது. கரிசல் மண் செருப்போடு காலைப் பிடித்து இழுக்கும். வீட்டுக்காரர் பேசிப் பார்த்தார், பிறகு பேசாமல் இருந்தார், பிறகு ஒருநாள் போதும் என்றார். கடையில் சீக்கிரம் விடக் கேட்டேன். முடியாது என்றார்கள். நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டில் பிளஸ் ஒன் படித்த பிள்ளையை நிறுத்தி நூற்பாலைக்கு அனுப்பினார்கள். மில்லுக்கு ஆள் எடுக்க வேன் வீட்டு வாசலுக்கே வரும். பள்ளிக்கூடத்துக்குப் போக நினைத்தால்தான் விலக்கிலிருந்து நடக்க வேண்டும். இன்னொருத்தி கல்யாணமாகிப் போனாள். எதிர்வீட்டுக்காரி காட்டு வேலைக்குத் திரும்பினாள். இப்படி ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள்.

அக்கா மட்டும் வேலையை விடவில்லை. சாயங்காலம் விலக்கிலிருந்து தனியாக நடந்து வருவாள். திங்கட்கிழமைதோறும் தென்காசிக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுப்பாள், அன்றைய கூலி போனாலும் சரி என்று. தெருவில் என்னைப் பார்த்தால் நிற்பாள். "எழுதியிருக்காங்களாம்ட்டி, வந்திரும்" என்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு வேறு எப்படி இருப்பதென்று தெரியவில்லை.

பிறகு ஒருநாள், வெயில் ஏற ஆரம்பித்த மாதம் அது, மூச்சு வாங்க என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, வந்துட்டு! நாளையிலருந்து சாயங்கால ட்ரிப்பு. ஆபீசர் எங்கிட்ட நேர்லயே சொல்லிட்டாரு. கடைக்குப் போனைப் போட்டு வாரேன்னு சொல்லு."

நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். என் இடத்தில் கடையில் வேறு பெண் வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்கு ராஜபாளையம் மில்லில் வேலை கிடைத்து, அங்கேயே வீடு பார்த்திருந்தோம்.

"நாங்க வெள்ளிக்கிழமை கெளம்புதோம்க்கா" என்றேன்.

சாக்கைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. "சரி மக்கா. நீ போயிட்டு வா. மத்தவளுவகிட்டச் சொல்லுதேன்" என்று இறங்கிப் போனாள். எதிர்வீட்டில் கதவைத் தட்டினாள். பக்கத்து வீட்டில் தட்டினாள். தெருக்கோடி வரைக்கும் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். யாரையும் விடவில்லை. நான் கையில் கயிற்றோடு பார்த்துக்கொண்டே நின்றேன். போய்த் தடுத்துக் கூட்டிவந்துவிடலாமா என்று இருந்தது. என்ன சொல்லித் தடுப்பது? அவள் வாங்கிக்கொண்டு வந்தது சரியான பஸ்தான். ஆனால் சாயங்காலம் டவுனிலிருந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டிய பெண் என்று எங்கள் தெருவில் அவளைத் தவிர ஒருத்தியும் மிச்சம் இல்லை.